மூன்றாவது குறிப்பு

வியாழன் இரவென்றால்
குகதாசன் கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு
சீருடையோடே வந்துவிடுவான்.
தெபோரா, பொட்டாஷ் சுரங்கத்து ஆய்வகத்திலிருந்து
நகக்கண்ணில் உப்போடு.
ஷாஹிதா ஒரு டப்பா வாடாவும்
தானே கட்டிய விடுகதை ஒன்றும் கொண்டுவருவாள்:

கூப்பிடாமல் வருவான்,
கதவிடுக்கில் நுழைவான்,
உள்ளே வந்த மறுகணம் செத்துப்போவான். யார்?

"கடன்காரன்" என்றான் குகதாசன்.
கடன்காரன் எங்கே சாகிறான்.
சாஸ்கட்டூனில், ஜனவரியில் உட்கார்ந்துகொண்டு
குளிர்காற்று என்று சொல்ல
எங்களுக்குப் பதினோரு நிமிஷம் பிடித்தது.

அதெல்லாம் தொட்டுக்கொள்ள.
சாப்பாடு, அந்த ஷவல் புதிர்தான்.

பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில்
ஏதோ பழைய பத்திரிகையைப் பார்த்து
ரசீதின் முதுகில் குகதாசன் எழுதி வந்தது:
ஒரே வரிசையில் நாலு வீடு.
வாசலுக்கு ஒரு ஷவல்,
சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்.
சிவப்பும் நீலமும் அண்டை வீடுகள் அல்ல.
பச்சைக்கு வலப்பக்கம், ஒட்டினாற்போல், மஞ்சள்.
முதல் வீட்டு ஷவல் என்ன நிறம்?

சிவப்பு என்றாள் தெபோரா
கலர் பென்சில்களை அடுக்கிக் காட்டி.
சிவப்புத்தான் என்றான் குகதாசன்.
நீலம் என்றேன் நான்
அதே பென்சில்களைக் கலைத்து அடுக்கி.
ரெண்டும் பொருந்துதே என்றாள் ஷாஹிதா,
வாடாவைப் பிட்டபடி.
பொருந்தினால் போதுமா?
ஒரு கேள்விக்கு ரெண்டு விடையை
எவன் அச்சடிப்பான்?

இரண்டாம் வியாழன்
வலப்பக்கம் என்றால் யாருக்கு வலம் என்று போனது.
தெருவில் நிற்பவனுக்கா,
கதவைத் திறந்து வெளியே பார்ப்பவளுக்கா?
"பன்னிரண்டு வருஷமா பஸ் ஓட்டுறன்,
வலம் எது எண்டு எனக்குச் சொல்லித் தாறியளோ?"

மூன்றாம் வியாழன்
மைனஸ் இருபத்தெட்டில் வெளியே இறங்கினோம்.
எங்கள் வீட்டுச் சிவப்பு ஷவல்,
குகதாசன் கார் டிக்கியிலிருந்து மஞ்சள்,
பக்கத்து வீட்டு ஒலேனாவிடம் இரவல் வாங்கிய பச்சை.
நீலம் கிடைக்கவில்லை;
துடைப்பத்தில் ஷாஹிதாவின் சால்வையைக் கட்டி
அவளையே நிறுத்தினோம்.
மூச்சு வெள்ளையாய் எழ, வீடுகளாக நின்றோம்,
இடம் மாறினோம், மறுபடி மாறினோம்.
யாருடைய காரைத் தோண்டப் போகிறீர்கள் என்று
கேட்க வந்த ஒலேனா
முழுப் புதிரையும் கேட்டுவிட்டு
கோட்டின் மேல் பொத்தானைப் போட்டபடி சொன்னாள்:
எந்த முனையிலிருந்து முதல் வீடு?

அதில் போயிற்று இன்னொரு வாரம்.

பிறகு எனக்குப் பல்வலி.
அதே வைத்தியர். "இடதா, வலதா?" என்றார்.
யாருக்கு இடது என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு
வெளியே உட்கார வைத்த இருபது நிமிஷத்தில்
பத்திரிகை அடுக்கில் அது கிடந்தது.
நாலு வீடு, நாலு ஷவல்,
இடது கோடியே முதல் வீடு.
பக்கத்தைப் புரட்டினேன்.
குகதாசன் புரட்டுவதற்குள்
அவனை உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும்.
மறுபக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு வரி:
முதல் வீட்டில் நீலம் இல்லை.

அடுக்கின் அடியில் செருகிவிட்டு
கைகட்டி உட்கார்ந்துகொண்டேன்.

விடை தெரிந்தால் வியாழன் காலியாகிவிடும்,
நாலு பேரின் நன்மைக்காக என்று
காரில் வரும்போது சொல்லிப் பார்த்தேன்.
பாலம் தாண்டும்வரைகூட அது தாங்கவில்லை.
நான் நீலம். அவ்வளவுதான்.

அன்றும் வியாழன்.
பாதி வாயைத் தொட்டுக் காட்டி
பேச முடியாது என்று சைகை செய்தேன்.
தெபோரா புதிதாக ஒன்று எடுத்து வந்திருந்தாள்:
ஒரு தீவு, அங்கே ரெண்டே வகை மனிதர்கள்,
உண்மையே பேசுபவர், பொய்யே பேசுபவர்.
மரத்த வாயோடு சும்மா இருப்பவளை
அந்தத் தீவில் எங்கே வைப்பார்களோ.

குகதாசன் அதைக் கவனிக்கவில்லை.
பழைய ரசீதையே உற்றுப் பார்த்திருந்தான்.
நீலப் பென்சிலை எடுத்து
மெதுவாக முதல் இடத்தில் வைத்தான்.
"யோசிச்சுப் பார்த்தன்.
நீர் சொன்னதுதான் சரிபோல கிடக்கு."

நான் வாடா எடுத்து
மரக்காத பக்கமாய் மென்றேன்.

அவனுக்கு அடுத்த பல் சோதனை
ஜூலையில்.